ஏழு குஞ்சுகளும் நொண்டின

கரட்டு அடிவாரத்தில் ஒரு குட்டை. குட்டையைச் சுற்றிச் சங்கஞ்செடியும் சூரைமுள்ளும் மண்டிக் கிடந்தன. அந்தப் புதர்களில் இருபது இருபத்தைந்து கௌதாரிகள் கூட்டமாகக் குடியிருந்தன. அதில் ஒருத்தி பெயர் வரிச்சி.

வரிச்சிக்கு இடது கால் சரியில்லை.

போன வருஷம் அறுவடை முடிந்த சோளக்காட்டில் யாரோ கண்ணி வைத்திருந்தார்கள். தூண்டில் நரம்பில் முடிந்த கண்ணி. கண்ணுக்கே தெரியாது. மேயப் போன வரிச்சி இடது காலை அதில் வைத்துவிட்டாள். விடிந்ததிலிருந்து உச்சிவேளை வரை இழுத்தாள், கொத்தினாள், உருண்டாள். கடைசியில் நரம்பு அறுந்தது. அறுவதற்கு முன்னால் காலையும் பாதி அறுத்துவிட்டது. நடுவிரல் கறுத்து உதிர்ந்தது. கணுக்கால் கோணலாகக் கூடிக்கொண்டது.

புண் ஆறிவிட்டது. புண் ஆறினால் எல்லாம் ஆறிவிட்டது என்றுதான் ஊர் நினைக்கும். வரிச்சிக்கல்லவா தெரியும்! காலையில் எழுந்து முதல் பத்து அடி வைப்பதுதான் பெரும்பாடு. பாதத்துக்கடியில் நெருஞ்சிமுள் இருப்பது போலிருக்கும். குனிந்து பார்த்தால் முள் இருக்காது. வெயில் ஏறினால் கொஞ்சம் இளகும். மேகம் கூடினால் விண் விண் என்று தெறிக்கும். அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. உதிர்ந்துபோன அந்த நடுவிரல் சில நாள் அரிக்கும். இல்லாத விரலை எங்கே போய்ச் சொறிவது?

வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. காலைக் கீழேயே வைக்காமல் தத்திப் போ என்றது முயல். ஆடிக்கொண்டே இரு, தானாகச் சரியாகும் என்றது மயில். ஒரு அரணை வந்து வெகுநேரம் காலையே பார்த்தது. பிறகு, தன் வால் போன தடவை அறுந்தபோது இருபது நாளில் முளைத்துவிட்டது என்றும், விரல் இன்னும் முளைக்கவில்லை என்றால் வரிச்சி மனசு வைக்கவில்லை என்றுதான் அர்த்தம் என்றும் சொல்லிவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு போயிற்று.

வரிச்சியின் புருஷன் செவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையிலும் மாலையிலும் பாறைமேல் ஏறிக் கூவுவது அவனுக்கு உத்தியோகம். "கால் எப்படி இருக்கு?" என்று தினமும் கேட்பான். பதில் வருவதற்குள் கூவப் போய்விடுவான்.

இப்படியாக இருக்கையில் வரிச்சி முட்டையிட்டு அடைகாத்தாள். ஏழு குஞ்சுகள் பொரிந்தன.

கௌதாரிக் குஞ்சு மைனாக் குஞ்சு மாதிரி இல்லை. வாயைத் திறந்துகொண்டு கூட்டில் கிடக்காது. ஓட்டை உடைத்து வந்ததும் ஈரம் காய்கிற நேரம்தான், எழுந்து நடக்கும். எப்படி நடப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அம்மா நடப்பதைப் பார்த்து நடக்கும்.

ஏழும் பார்த்தன. ஏழும் நடந்தன. ஏழும் நொண்டின!

வலது காலை ஊன்றி, இடது காலைத் தொட்டும் தொடாமலும் வைத்து, தலையை ஒரு வெட்டு வெட்டி, அடுத்த அடி. வரிச்சி எப்படியோ அப்படியே. கடைக்குட்டி மட்டும் வலது காலை நொண்டினான். அவன் எப்போதும் அம்மாவுக்கு எதிரே நின்று முகம் பார்த்துக் கற்றுக்கொண்டவன். அதனால் கால் மாறிப்போயிற்று.

வரிச்சி முதலில் திரும்பிப் பார்க்கவில்லை. புதருக்குள் ஒரு அணில் விழுந்து விழுந்து சிரிப்பதைக் கேட்டுத்தான் திரும்பினாள். வரிசையாக ஏழு பஞ்சுருண்டைகள் நொண்டி நொண்டி வந்தன. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது.

செய்தி மூக்காயி காதுக்குப் போயிற்று.

மூக்காயிதான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. செவந்தானுக்கு மூத்த அக்கா. அதனால் வரிச்சிக்கு மதினி, குஞ்சுகளுக்கு அத்தை. அவள் வந்து குஞ்சுகளின் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். ஏதோ சீக்கு என்று நினைத்துவிட்டாள். கால்களில் ஒரு குறையும் இல்லை.

"இதுக என்னடி இப்படி நடக்குதுக?"

"என்னைப் பார்த்துப் பழகிருச்சுக, மதினி."

மூக்காயிக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கவலை வேறு. கோடை வந்துவிட்டது. குட்டையில் தண்ணீர் முழங்கால் அளவிலிருந்து விரல் அளவுக்கு வற்றியிருந்தது. இன்னும் பத்து நாளில் சேறுதான் மிஞ்சும். அப்போது கூட்டம் முழுவதும் பொட்டலைத் தாண்டி ஓடைக்குப் போக வேண்டும். பெரியவர்கள் பறந்துவிடலாம். குஞ்சுகள் பறக்காது. ஆகவே கூட்டமே நடக்கும். பொட்டலில் ஒரு புல் கிடையாது, ஒளிய ஒரு கல் கிடையாது. அங்கங்கே ஒரு வேலம்புதர். நரிக்கு அது பந்தி விரித்த இடம்.

அதனால் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புவதற்கு முதல் நாள் அது நடக்கும், 'நடை பார்ப்பது' என்று பெயர். தலைவி புற்றின்மேல் ஏறி நிற்பாள். ஒவ்வொரு தாயும் தன் குஞ்சுகளை வண்டித்தடத்தில் வரிசையாக நடத்திக் காட்ட வேண்டும். எந்தக் குடும்பம் வேகமாக, நேராக நடக்கவில்லையோ, அந்தக் குஞ்சுகளைப் பிரித்து மற்றத் தாய்களோடு சேர்த்துவிடுவார்கள். ஒருமுறை வேறொரு தாயோடு போன குஞ்சு அந்தத் தாயின் குஞ்சுதான். திரும்பி வராது.

மூக்காயி சுற்றி வளைக்காமல் சொன்னாள். "உன் காலுக்கு நீயே நடந்து சேர்றது கஷ்டம். இதுகளையும் என்கிட்ட விட்டுரு. நான் வளர்த்துக்கிறேன்."

"என் குஞ்சுகளை நான் நடத்துவேன், மதினி."

"போன கோடையில என் பின்னாடி வந்ததுல மூணு பின்தங்கிருச்சு. நான் திரும்பிப் பார்க்காம நடந்தேன். நரி தின்னுட்டுப் போயிருச்சு. அந்த மூணும் என் மூணு. உனக்கும் அப்படி ஆக வேண்டாம்னுதான் சொல்றேன்."

இதைச் சொல்லும்போது மூக்காயியின் குரல் கொஞ்சம் இறங்கியது. கெட்டவளாக இருந்திருந்தால் வரிச்சி சண்டை போட்டிருப்பாள். நல்லவளிடம் என்னவென்று சண்டை போடுவது? எனவே பொய் சொன்னாள்.

"கால் முன்னே மாதிரி இல்லை மதினி. இப்ப வலியே கிடையாது. நொண்டுறது பழக்கதோஷம். நடை பார்க்கிற அன்னைக்கு நேரா நடந்து காட்டுறேன். அதுகளும் நேரா நடக்கும்."

சரி, பார்ப்போம் என்று மூக்காயி போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது கூத்து.

வரிச்சி யாரும் இல்லாத பக்கமாகப் போய் நேராக நடந்து பழகினாள். இடது காலை வலது கால் அளவுக்கே அழுத்தி ஊன்றினாள். ஊன்றும்போதெல்லாம் உச்சந்தலை வரை சுரீர் என்றது. முகம் சுளித்தால் குஞ்சுகளும் சுளித்தன. அதனால் வாயில் ஒரு விதையைக் கவ்விக்கொண்டு, முகத்தைக் கோவில் சிலை மாதிரி வைத்துக்கொண்டு நடந்தாள். குஞ்சுகளும் ஆளுக்கொரு விதையைக் கவ்விக்கொண்டன. இரண்டு குஞ்சுகள் அதை விழுங்கி விக்கிக்கொண்டன.

நேராக நடப்பது குஞ்சுகளுக்கு ஒரு நாளில் வந்துவிட்டது. இளங்கால்கள், எப்படி வளைத்தாலும் வளையும். ஆனால் ஒரு குழப்பம். தனியாக இருக்கும்போது அம்மா நொண்டினாள். யாராவது வந்தால் நிமிர்ந்தாள். ஏழும் கூடிப் பேசிக் கடைசியில் மூத்தவள் வந்து கேட்டாள்.

"அம்மா, நாங்க எந்த நடை நடக்கணும்? வலிக்கிறப்ப நீ நடக்கிற நடையா, ஆள் வர்றப்ப நீ நடக்கிற நடையா?"

 ஆள் வரும்போது நடக்கிற நடைதான் என்றாள் வரிச்சி. மற்றது வீட்டுக்குள்ளே.

கால் சும்மா இருக்குமா? இரண்டாம் நாள் கணு தடித்தது. மூன்றாம் நாள் அத்திப்பழம் மாதிரி வீங்கியது. கௌதாரிகளுக்கு இரை மண்ணுக்குள்ளேதான். காலால் கிளறினால்தான் கறையான் வரும். வீங்கின காலால் எங்கே கிளறுவது? நல்ல காலால் கிளறினால் வீங்கின காலில் நிற்க வேண்டும். குஞ்சுகள் அரை வயிற்றோடு படுத்தன. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த மூக்காயி இதைப் பார்த்து, நான் கொஞ்சம் கிளறித் தரட்டுமா என்று கேட்டாள்.  வேவு பார்க்கிறாளோ என்று வரிச்சிக்குத் தோன்றியது.

"வேண்டாம் மதினி. இதுகளுக்கு இன்னைக்கு வயிறு மந்தமா இருக்கு."

ஏழு குஞ்சுகளின் வயிறும் அதே நேரத்தில் கொர் என்றது. மூக்காயி குஞ்சுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள்.

நடை பார்க்கும் நாள் வந்தது. மூக்காயி புற்றின்மேல் ஏறினாள். ஒவ்வொரு குடும்பமாக நடந்தது. வரிச்சியின் முறை வந்தபோது கூட்டமே கழுத்தை நீட்டியது. அணில் வேலமரத்தில் நல்ல கிளையாகப் பார்த்து உட்கார்ந்தது.

வரிச்சி நடந்தாள். வண்டித்தடம் முழுக்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நூல் பிடித்த மாதிரி நடந்தாள். பின்னால் ஏழும் நேராக நடந்தன. கடைக்குட்டிகூடக் கால் மாறவில்லை.

கௌதாரிகள் சத்தம் போட்டுப் பாராட்டின. செவந்தான் பாறைமேல் ஏறி, என் பெண்டாட்டி, என் பெண்டாட்டி என்று தொண்டை கிழியக் கூவினான். ஏமாந்துபோன அணில் கொட்டை உரிக்கப் போய்விட்டது. மூக்காயி இறங்கி வந்து, நான் உன்னைத் தப்பா நினைச்சுட்டேன் தாயி என்றாள். வரிச்சி சிரித்துவிட்டுப் புதருக்குள் போனாள். போனதும் பொத்தென்று விழுந்தாள். அன்று முழுக்க எழுந்திருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் கூட்டம் கிளம்பியது. மூக்காயி முன்னால். அவள் பின்னால் ஒவ்வொரு குடும்பமாக வரிசை. வரிச்சி குடும்பம்தான் நேற்று அருமையாக நடந்ததே, அவர்களைக் கடைசியில் விடலாம், பின்தங்க மாட்டார்கள் என்று மூக்காயியே ஏற்பாடு செய்திருந்தாள். செவந்தான் வழக்கம்போல முன்னால் கூவிக்கொண்டு போனான்.

முதல் நூறு அடி வரிச்சி எப்படியோ நேராக நடந்தாள். இருநூறாவது அடியில் கால் மடங்கியது. முன்னால் போகிறவர்களை ஒரு சத்தம் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் நேற்று நடந்த நடை பொய் என்று தெரிந்துவிடும், குஞ்சுகள் கைவிட்டுப் போகும். கூப்பிடவில்லை. கூட்டம் கிளப்பின புழுதி தள்ளித் தள்ளிப் போயிற்று. பிறகு அதுவும் தெரியவில்லை.

பொட்டல் நடுவில் வரிச்சியும் ஏழு குஞ்சுகளும் தனியாக நின்றார்கள்.

"அம்மா, இப்ப யாரும் பார்க்கலை" என்றான் கடைக்குட்டி.

வரிச்சி பெருமூச்சு விட்டாள். "ஆமாடா. நம்ம நடையே நடப்போம்."

காலைத் தொட்டும் தொடாமலும் வைத்து அவள் நொண்ட ஆரம்பித்தாள். அவளுக்குப் பின்னால் ஏழும் நொண்டின. குஞ்சுகளுக்கு ஒரே சந்தோஷம். தாய்மொழி பேசுகிற மாதிரி அது அவர்களுக்குத் தாய்நடை அல்லவா.

அப்போதுதான் வேலம்புதருக்குப் பின்னாலிருந்து நரி வந்தது.

இருபது அடி தூரம். ஓடினால் பிடித்துவிடும்.  கௌதாரி பறக்க வேண்டுமானால் இரண்டு காலாலும் தரையை உந்தி எழும்ப வேண்டும். அத்திப்பழக் காலை வைத்துக்கொண்டு எதை உந்துவது? எழும்பினாலும் ஏழும் தரையில்தானே நிற்கும். அவள் குஞ்சுகளுக்கு முன்னால் வந்து நின்றாள். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

நரி பாயவில்லை. அப்படியே உட்கார்ந்தது. வாலைச் சுற்றி வைத்துக்கொண்டது.

"வா தாயி, வா. இந்த வருஷமும் ஆரம்பிச்சாச்சா?"

நரி ஏன் இப்படிக் கேட்டது என்று சொல்ல வேண்டும். கௌதாரிகளிடம் ஒரு தந்திரம் உண்டு. நரி குஞ்சுகளை நெருங்கினால் தாய் வெளியே வந்து கால் ஒடிந்த மாதிரி நொண்டுவாள், இறக்கையை இழுத்துக்கொண்டு விழுவாள், புரளுவாள். சுலபமான இரை என்று நரி அவள் பின்னால் போகும். வெகுதூரம் இழுத்துப் போய்விட்டு விர்ரென்று பறந்துவிடுவாள். குஞ்சுகள் தப்பித்துவிடும். தாய் கவனிக்காமல் பின்தங்கின குஞ்சுகளைத் தின்றிருந்தாலும், நொண்டுகிற தாய்களிடம் இந்த நரி மூன்று கோடை தொடர்ந்து இப்படி ஏமாந்திருந்தது. முதல் வருஷம் கரட்டு உச்சி வரை ஓடியது. இரண்டாம் வருஷம் கள்ளிவேலிக்குள் முகத்தைக் கொடுத்தது. மூன்றாம் வருஷம் பாழுங்கிணற்று விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று தப்பியது. இதையெல்லாம் அது ஒன்றுவிடாமல் வரிச்சிக்குச் சொல்லிக் காட்டியது. கள்ளிமுள் குத்தின இடத்தைக்கூடத் திருப்பிக் காட்டியது.

வரிச்சி கேட்டுக்கொண்டு நின்றாள். பத்து நாளாகப் பொய் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் அலுத்திருந்தது. சாகப் போகிற நேரத்திலாவது உள்ளதைச் சொல்வோம் என்று நினைத்தாள்.

"நான் நடிக்கலை அண்ணாச்சி. போன வருஷம் கண்ணியில மாட்டினேன். விரல் போச்சு. கணு கோணிப்போச்சு. இன்னைக்கு ரொம்ப வீங்கியிருக்கு. என்னால ஓட முடியாது. எழும்பிப் பறக்கவும் முடியாது."

நரி தொடையைத் தட்டிச் சிரித்தது.

"ஓடவும் முடியாதாம், பறக்கவும் முடியாதாம். எந்தக் கௌதாரியாவது நரிகிட்ட வந்து இதைச் சொல்லுமா? உனக்கு முன்னாடி வந்தவள்களாவது வாயை மூடிக்கிட்டு நடிச்சாளுக. நீ வசனமும் பேசுறே."

"வசனம் இல்லை. நிஜம்."

"அப்ப இதுகளுக்கும் கால் போச்சா? ஏழுக்குமா? ஏழும் ஒரே கண்ணியில மாட்டுச்சா?"

"இல்லை. இதுக கால் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் நொண்டுதுக?"

"என்னைப் பார்த்துப் பழகிருச்சுக."

நரியின் கண் அகலமாயிற்று. இவள் என்ன, தானே ஒப்புக்கொள்கிறாளே! அது எழுந்து குஞ்சுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தது. கடைக்குட்டியிடம் வந்ததும் நின்றது.

"ஏய் பொடியா. உங்க ஆத்தா இடது கால்ல நொண்டுறா. நீ ஏன் வலது கால்ல நொண்டுறே?"

கடைக்குட்டிக்குப் பயம். இருந்தாலும் பதில் சொன்னான். "நான் எதிர்ல நின்னு பார்த்துப் பழகினேன்."

"பிடிச்சேன்!" என்று நரி துள்ளியது. "பாடம் சரியா ஏறலை இவனுக்கு. அவசரத்துல பழக்கிட்டீங்க. என்கிட்டயா!"

நரி புத்தி கணக்குப் போட்டது. நொண்டுகிற கௌதாரி ஒருத்தி வந்தால் அவளுக்குப் பின்னால் ஒரு குடும்பம் ஒளிந்திருக்கும். எட்டுப் பேர் நொண்டிக்கொண்டு வந்தால்? பின்னால் எத்தனை குடும்பம் இருக்க வேண்டும்! இவர்களைத் தொட்டால் இவர்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறுவார்கள், நான் நாலாவது வருஷமும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பேன்.

அது வரிச்சியின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தியது. "நிஜக் குஞ்சுக எங்கே?"

வரிச்சிக்கு அப்போதுதான் விஷயம் பிடிபட்டது. இவனுக்குப் பொய் தேவையில்லை. உண்மையே போதும்.

"என் குஞ்சுக இந்த ஏழுதான் அண்ணாச்சி. சத்தியமா வேற கிடையாது. நாங்க வந்த வழியில குட்டைப்பக்கம் போனா உங்களுக்கு வெறும் முள்ளுதான் கிடைக்கும்."

"குட்டைப்பக்கமா? அப்படிச் சொல்லு!"

நரி வாலைத் தூக்கிக்கொண்டு குட்டையைப் பார்த்து ஓடியது. ஒரு தடவை திரும்பி, நீ கெட்டிக்காரிதான், ஆனா நான் அதுக்கும் மேல என்று சொல்லிவிட்டு ஓடியது. சங்கஞ்செடி ஒவ்வொன்றுக்குள்ளும் அது மூக்கை விட்டுப் பார்த்திருக்கும். எத்தனை செடி, எத்தனை முள் என்பது அதற்கும் அதன் மூக்குக்கும்தான் தெரியும்.

வரிச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  குஞ்சுகள் இறக்கைக்குள் புகுந்துகொண்டன.

எதிரே புழுதி கிளம்பியது. மூக்காயி ஓடிவந்தாள். பாதிவழியில் அவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். வரிசையின் வாலைக் காணோம். கூட்டத்தை ஒரு புதருக்குள் நிறுத்திவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றாள். முதலில் குஞ்சுகளை எண்ணினாள். இரண்டாம் தடவையும் எண்ணினாள். ஏழு. பிறகுதான் வரிச்சியின் காலைப் பார்த்தாள்.

"நேத்து நேரா நடந்தியேடி?"

"நேத்து நடிச்சேன் மதினி. இன்னைக்குத்தான் நடக்கிறேன்."

"வலியே இல்லைன்னு சொன்னியே?"

"பொய். தினமும் வலிக்குது. நாளைக்கும் வலிக்கும். இது போற வலி இல்லை."

 இப்போதாவது குஞ்சுகளைக் கொடுத்துவிடு என்று மூக்காயி மெதுவாகக் கேட்டாள். ஏழும் அம்மாவின் இறக்கைக்குள் இன்னும் நெருக்கின.

"குஞ்சுகளைக் கேக்காதீங்க" என்றாள் வரிச்சி. "எனக்கு வேற ஒண்ணு குடுங்க. காலையில என் கால் சூடேறுற வரைக்கும் கொஞ்சம் மண்ணைக் கிளறித் தாங்க. நடக்கிறப்ப ரெண்டு புதருக்கு ஒருதரம் எல்லாரும் நில்லுங்க. மத்தது பூரா நான் பார்த்துக்கிறேன். கறையான் எங்கே இருக்குன்னு கண்டுபிடிக்க எனக்குக் கால் வேண்டாம். மூக்கு இருக்கு."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா?"

"சொல்லியிருந்தா நடை பார்க்கவே விட்டிருக்க மாட்டீங்க. குஞ்சுகளைப் பிரிச்சிருப்பீங்க."

மூக்காயிக்கு அந்தப் பதில் எங்கோ குத்தியது. உண்மைதான். அவள் புற்றின்மேல் நின்று எல்லோரையும் பார்த்தாள். நேராகப் போகிறார்களா என்று பார்த்தாள். என்ன வலியோடு போகிறார்கள் என்று பார்க்கவில்லை. நேற்று அவள் மெச்சின நடைதான் இன்றைக்கு ஏழு உயிரைப் பொட்டலில் நிறுத்தியிருக்கிறது.

"எழுந்திரு, மெதுவா" என்றாள். "நான் பக்கத்துல வர்றேன்."

அவர்கள் மற்றவர்கள் நின்ற புதருக்கு வந்து சேர்ந்தார்கள். இனிமேல் இரண்டு புதருக்கு ஒருதரம் நிற்போம் என்று மூக்காயி எல்லோருக்கும் சொன்னாள். முணுமுணுப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரு கிழக் கௌதாரி, அப்பாடா என்று உட்கார்ந்தது. இரண்டு வருஷமாக முழங்கால் பிடிப்பாம். ஒரு இளந்தாய்க்குப் பாதத்தில் ஒடிந்த முள் உள்ளேயே இருந்தது. வெளியே சொன்னால் குஞ்சுகளைப் பிரித்துவிடுவார்கள் என்று அவளும் வாயில் விதை கவ்விக்கொண்டுதான் வந்திருக்கிறாள். செவந்தான் தனக்குத் தொண்டை வலி என்றான். அதற்கு மட்டும் யாரும் இரங்கவில்லை. நீ கொஞ்சம் பின்னாலே வந்து உன் குஞ்சுகளுக்குக் காவல் இரு, தொண்டை தானாக ஆறும் என்று மூக்காயி அக்காளுக்குரிய அதட்டலோடு சொன்னாள். அவனும் பின்னால் வந்தான்.

போகிற வழியில் வரிச்சி ஒரு இடத்தில் நின்று மோந்து பார்த்து, இங்கே என்றாள். மூக்காயி கிளறினாள். வெள்ளைவெளேரென்று கறையான் பொங்கி வந்தது. ஏழு குஞ்சுகளும் பத்து நாளைப் பட்டினிக்கும் சேர்த்துத் தின்றன. மூக்காயியும் தின்றாள். இத்தனை வருஷமாகக் கிளறிக் கிளறித் தேடினாலும் இப்படி ஒரு இடம் அவளுக்கு அமைந்ததில்லை.

சாயங்காலம் ஆவதற்கு முன்னால் ஓடைக்குப் போய்விட்டார்கள். நின்று நின்று வந்தும் போன வருஷத்தைவிட ஒரு நாழிகைதான் தாமதம். ஒரு குஞ்சுகூடக் குறையவில்லை.

வரிச்சியின் கால் அதற்குப் பிறகும் சரியாகவில்லை. இப்போதும் காலையில் பத்து அடி பெரும்பாடுதான். மேகம் கூடினால் தெறிக்கத்தான் செய்கிறது. குஞ்சுகள் வளர்ந்து தங்கள் காலுக்கு ஏற்றபடி நேராக நடக்கின்றன, ஓடுகின்றன, பறக்கின்றன. அம்மாவோடு மேயப் போகும்போது மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. யாராவது வந்து கால் எப்படி இருக்கு என்று கேட்டால் வரிச்சி உள்ளதைச் சொல்கிறாள். சில நாள் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறாள். கேட்டவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

வலியை ஒளித்து நடப்பவருக்கு வலியும் சுமை, ஒளிப்பதும் சுமை. இன்ன இடத்தில் வலிக்கிறது என்று சொல்லி நடப்பவருக்குச் சுமை ஒன்றுதான், அதிலும் பாதியைத் தூக்க ஆள் வரும்.